பார்த்தேன் என்று சொன்னேன், கிரேஸ் அக்கா

என் தங்கமான கிரேஸ் அக்காவுக்கு,

கெட்ட செய்தி இருந்தால் முதல் வரியிலேயே எழுதிவிடு என்று ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்லிக்கொடுத்தவள் நீ. கப்பல் தாமதம் என்றால் 'தங்கள் நலமறிய ஆவல்' என்று தொடங்காதே, 'கப்பல் தாமதம்' என்று தொடங்கு என்பாய். அதன்படியே செய்கிறேன். அந்த மாம்பழக்கூழ் கண்டெய்னர் திரும்பி வந்ததற்குக் காரணம் நான். டிரம்களைப் போய்ப் பார்க்காமலே, பார்த்தேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நம் பயிற்சி நிலையத்தில் நம்மிடம் படித்தவர்கள் உன் நினைவாக ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். சென்னைத் துறைமுகத்தில் இருப்பவர்கள், கிருஷ்ணபட்டினத்தில் இருப்பவர்கள், துபாயில் இருப்பவர்கள் எல்லாரும் உன்னைப் பற்றி எழுதுகிறார்கள். என்னையும் கேட்டார்கள். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அக்கா. உனக்கு எழுதத்தான் வருகிறது. அவர்களும் கூட இருந்து படிக்கட்டும். அந்தக் கண்டெய்னர் கதையை உன் வாயால் கேட்டவர்கள் அவர்கள். அதில் நீ சொல்லாமல் விட்டதை நான் சொல்ல வேண்டும்.

நினைவிருக்கிறதா, நாம் முதலில் பார்த்துக்கொண்டது இதே திருப்பதியில்தான். வெளிநாட்டு வர்த்தகத்தில் டிப்ளமா படிக்க வந்தோம். ஹாஸ்டலில் ஒரே அறை. நான் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், டிகிரி முடித்த கையோடு வந்தவள். நீ என்னைவிட நான்கு வயது பெரியவள். சித்தூரில் உங்கள் கிறிஸ்தவ சபைப் பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, சேர்த்த பணத்தில் படிக்க வந்திருந்தாய்.

நான் என்ன படிக்கிறேன் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. யாராவது கேட்டால் நைனா, என் அப்பா, "கப்பலுக்குச் சீட்டு எழுதற படிப்பு" என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். நீ ஒருநாள் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "உங்க நைனா கரெக்டாத்தான் சொல்றாரு மோகனா. சீட்டு சரியா இருந்தாத்தான் கப்பல்ல போன சாமான் எறங்கும். வேற என்னா இருக்குது இந்தப் படிப்புல?"

அந்த வருஷம் முழுக்க நீதான் எனக்குப் பாடம் படித்துக் காட்டினாய். எனக்கு இங்கிலீஷ் வரிகள் நீளமாக வந்தால் பயம். நீ ஒவ்வொரு விதியையும் முதலில் தெலுங்கில் சொல்லி, பிறகு தமிழில் சண்டை போடுவதுபோலச் சொல்லி, கடைசியில்தான் இங்கிலீஷுக்கு வருவாய். பரீட்சை ஹாலில் எனக்குக் கேட்டதெல்லாம் உன் குரல்தான்.

பிறகு இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்தது. பங்காருபாளையம் தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த அந்தக் கூழ் ஃபேக்டரி. நீ ஏற்றுமதிப் பிரிவு அதிகாரி, நான் உனக்கு உதவியாள். அதற்குள் உனக்கும் சாமுவேல் மாமாவுக்கும் கல்யாணம் ஆகி ஜெமிமா பிறந்து, நடக்க ஆரம்பித்திருந்தாள். சீசனில் ஃபேக்டரி வாசலில் மாங்காய் டிராக்டர்கள் ரோடு வரைக்கும் நிற்கும். அந்த வாசனையில் தலை சுற்றும். வீட்டுக்குப் போனால் சேலையெல்லாம் அதே வாசனை.

அந்த ஜூன் மாதத்து மத்தியானத்துக்கு வருகிறேன்.

மலர் படிப்பவர்களில் நம்மிடம் படிக்காதவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். கூழை அடைத்த ஒவ்வொரு டிரம்மின் மேலும் ஒரு எண் ஒட்டியிருக்கும். எந்த நாளில், எந்தத் தடவை தயாரித்தது என்று அந்த எண்தான் சொல்லும். சுகாதாரச் சான்றிதழிலும் அதே எண் இருக்க வேண்டும். சான்றிதழுக்கான விவரங்களை நாங்கள்தான் டைப் செய்து, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். காகிதத்தில் ஒரு எண்ணும் டிரம்மில் வேறு எண்ணும் இருந்தால், அந்தப் பக்கத்துத் துறைமுகத்தில் இறக்க விடமாட்டார்கள். கூழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

அன்றைக்கு நான் முந்தைய லோடின் ஃபைலை எடுத்து, தேதியை மட்டும் மாற்றினேன். எண்கள் அப்படியே இருந்தன. டைப் செய்துவிட்டு யார்டுக்குப் போய் டிரம்களைப் பார்த்து ஒப்பிட வேண்டும். அது என் வேலை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தகர ஷெட்டுக்கு வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஐம்பது அடி தூரம் இருக்கும். நான் போகவில்லை.

வேறு காரணம் ஏதாவது இருந்ததா என்று இத்தனை வருஷமும் தேடிப் பார்த்துவிட்டேன், அக்கா. எனக்கு உடம்பு சரியில்லை என்றோ, வேறு வேலை இருந்தது என்றோ சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். ஒன்றும் இல்லை. வெயில், அவ்வளவுதான்.

நீ கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றாய். ஜெமிமாவுக்குக் காய்ச்சல் என்று சாமுவேல் மாமா போன் செய்திருந்தார். சித்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்படி இருந்தும் கேட்டாய்.

"மோகனா, ட்ரம்மு நம்பரும் பேப்பர் நம்பரும் ஒண்ணா இருக்குதா? போயி பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"எல்லா ட்ரம்மும்?"

"எல்லாம் பாத்துட்டேன்க்கா. நீ சைன் போட்டுட்டுப் போ, பாப்பா அழுதுக்கினு இருப்பா."

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாய்.

ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் கண்டெய்னரை நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாங்குகிற கம்பெனி இனி உங்களிடம் வாங்க மாட்டோம் என்று எழுதிவிட்டது. ஓனர் நம் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் அந்தக் காகிதம். "எவரு சேசாரு இதி?" என்று கத்தினார். யார் செய்தது இது என்று கேட்கிறார். நான் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"சந்தகம் நாதி, சார். தப்பு கூடா நாதே" என்றாய். கையெழுத்து என்னுடையது, தப்பும் என்னுடையதுதான்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்த அறையில் அதற்கு நிறைய நேரம் இருந்தது. ஓனர் தண்ணீர் குடித்தார். யாருக்கோ போன் செய்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அந்த வாரமே உன்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் உன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

இரண்டு வருஷம் உனக்கு நிலையான வேலை இல்லை. மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வேன். நீ எப்போதும் ஜெமிமா பேசிய புதிய வார்த்தையைப் பற்றித்தான் சொல்வாய். வேலையைப் பற்றிக் கேட்டால், "கெடைக்கும் கெடைக்கும், எங்க போயிடும்?" என்பாய். பிறகு திருப்பதியில் இந்தப் பயிற்சி நிலையம் ஆரம்பித்தபோது உன்னை எடுத்துக்கொண்டார்கள். ஏற்றுமதி செய்ய வருகிறவர்களுக்கும், துறைமுகத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கும், வியாபார ஒப்பந்தம் பேசப் போகிறவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிற இடம். அங்கே சேர்ந்த மூன்றாவது மாதம் எனக்கு போன் செய்தாய்.

"மோகனா, எனக்குக் கூட ஒரு ஆளு வேணும். நீ வந்துடு."

"நான் எதுக்குக்கா? என்னவிட நல்லாத் தெரிஞ்சவங்க இருப்பாங்க."

"பேப்பர் வேல உனக்குத் தெரியும். உன்ன எனக்குத் தெரியும். வா."

உன்ன எனக்குத் தெரியும். அந்த மூன்று வார்த்தைகளை எத்தனை தடவை திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? அன்றைக்கே உனக்குத் தெரியுமா, அக்கா? கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தாயே, அப்போதா? அல்லது கண்டெய்னர் திரும்பி வந்த பிறகா? அல்லது கடைசிவரைக்கும் தெரியாதா?

அதற்கப்புறம் பதினோரு பேட்ச் சேர்ந்து நடத்தினோம். ஒவ்வொரு பேட்சிலும் மூன்றாவது வாரம் நீ அந்தக் கதையைச் சொல்வாய். போர்டில் இரண்டு எண்களை எழுதி, "இதுதான் பேப்பர். இதுதான் ட்ரம்மு. நடுவுல அம்பது அடி. அத நடக்காம வுட்டேன், என் வேல போச்சு" என்பாய். நடக்காமல் விட்டவள் யார்? நான் கடைசி வரிசையில் வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருமுறைகூட நீ என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. வகுப்பு முடிந்ததும், "வா, டீ குடிக்கலாம்" என்பாய்.

ஒருமுறை உன்னிடம் சண்டைகூடப் போட்டேன். வந்தவர்களிடம் எல்லாம் நம் மானத்தை நாமே ஏலம் போட வேண்டுமா என்று கேட்டேன். நீ டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே சொன்னாய்: "விதி புத்தகத்துல இருக்குது, எவன் வேணா படிச்சிக்குவான். தப்பு பண்ணா எப்டி இருக்கும்னு ஒருத்தர் வாயால கேக்கணும். அப்பதான் அவங்க கால் நடக்கும்." நான் பேச்சை மாற்றினேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். நீ கட்டிலில் பாதியாக இருந்தாய். மாமா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். "ரெண்டு ஸ்பூனு துன்னதுக்கே மூச்சு வாங்குது பாரு" என்று சிரித்தாய். பிறகு கேட்டாய், "இந்த பேட்ச்சு எப்டி? மூணாவது வாரம் வந்துடுச்சே, கண்டெய்னர் பாடம் எடுத்தியா?"

"எடுத்தேன்க்கா" என்றேன்.

எடுக்கவில்லை. அதுவும் பொய். உன்னிடம் சொன்ன முதல் பொய்க்கும் கடைசிப் பொய்க்கும் நடுவில் எவ்வளவு சோறு ஒரே தட்டில் சாப்பிட்டிருப்போம்.

இப்போது நல்ல செய்தி ஒன்று. நீ ஆசைப்பட்டது நடந்தது. போன டிசம்பர் தொடக்கத்தில் நம் நிலையத்துக்கு வெளிநாட்டு அதிகாரிகள் வந்தார்கள். நாடுகளுக்கு இடையே பொருளாதார ஒத்துழைப்புக்கான திட்டம், மூன்று வாரப் பயிற்சி. மலாவி, கானா, நேபாளம் என்று மூன்று நாடுகளிலிருந்து பன்னிரண்டு பேர். நம் உள்ளூர்ப் பிள்ளைகளையும் அவர்களோடு கலந்து உட்கார வைத்தோம்.

மலாவியிலிருந்து வந்த ஜாய்ஸ் என்ற அம்மாவை உனக்கு ரொம்பப் பிடித்திருக்கும். அவர்கள் நாட்டு வர்த்தகத் துறையில் அதிகாரி, ஐம்பது வயது இருக்கும். முதல்நாள் மெஸ்ஸில் ராகிக் களியைப் பார்த்ததும் கையைத் தட்டினார். எங்கள் ஊரிலும் இதேதான், மக்காச்சோள மாவில் செய்வோம் என்று சொல்லி, கீரைக் குழம்பைத் தொட்டுக்கொண்டு இரண்டு உருண்டை சாப்பிட்டார். சமையல்கார அம்மா தெலுங்கில் பேச, அவர் தன் மொழியில் பேச, இரண்டு பேரும் அரை மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தூர்ப் பக்கத்துக் கூழ் ஃபேக்டரிக்காரர் ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். "அவங்க ஊர்லயும் மாங்கா வெளையுது. போட்டிக்காரனுக்கே பாடம் எடுக்கறீங்களே மேடம்!" ஜாய்ஸிடம் அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எங்கள் மாங்காய் இப்போது, டிசம்பரில் பழுக்கிறது. உங்களுடையது ஜூனில். ஜூஸ் கம்பெனிக்கு வருஷம் முழுக்கக் கூழ் வேண்டும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கம்பெனிக்கு விற்கலாமே?" என்றார். நீ இருந்திருந்தால் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டிருப்பாய்.

மூன்றாவது வாரம் வந்தது. பாடத்திட்டத்தில் உன் கண்டெய்னர் வகுப்பு அப்படியே இருந்தது. எடுக்க ஆள் நான்தான். போர்டில் இரண்டு எண்களை எழுதினேன். "எங்கள் நிலையத்தில் கிரேஸ் என்று ஒருவர் இருந்தார்" என்று ஆரம்பித்தேன். நீ எவ்வளவு கவனமானவள், கமா தப்பினாலும் கண்டுபிடிப்பவள் என்றெல்லாம் சொன்னேன். பிறகு, "ஒருநாள் அவர் டிரம்களைப் போய்ப் பார்க்கவில்லை" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன், அக்கா. நீ உன்னைப் பற்றிச் சொன்னதை நான் உன்னைப் பற்றிச் சொல்லும்போது அது வேறாக ஆகிவிட்டது. சொல்லும்போதே எனக்கு அது தெரிந்தது.

ஜாய்ஸ் கையைத் தூக்கினார்.

"ஒன்று புரியவில்லை. இவ்வளவு கவனமானவர் அன்றைக்கு மட்டும் ஏன் போய்ப் பார்க்கவில்லை?"

"குழந்தைக்குக் காய்ச்சல். அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்."

"அவசரம் என்றால் வேறு யாரையாவது அனுப்பியிருப்பாரே. நான் அப்படித்தான் செய்வேன். யாரையும் அனுப்பவில்லையா?"

வேண்டுமென்று கேட்கவில்லை அவர். நோட்டில் பேனாவை வைத்துக்கொண்டு, பதிலை எழுதிக்கொள்ளக் காத்திருந்தார். பதினெட்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஓனர் கேட்கவில்லை, மாமா கேட்கவில்லை, நம் மாணவர்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"அனுப்பினார்" என்றேன். "என்னை அனுப்பினார். நான் போகவில்லை. போய்ப் பார்த்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன்."

என் கையில் சாக்பீஸ் உடைந்திருந்தது. மீதி எல்லாவற்றையும் சொன்னேன். ஓனர் அறை, உன் தெலுங்கு வரி, உன் நாற்காலி, எல்லாம். ஜாய்ஸ் ஆறுதல் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு நிமிர்ந்து, "எங்கள் அலுவலகத்திலும் எல்லாரும் 'பார்த்துவிட்டேன்' என்றுதான் சொல்கிறார்கள். ஊருக்குப் போனதும் நான் முதலில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்" என்றார்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, சத்தியவேட்டுப் பெண் பார்கவி மட்டும் நின்றாள்.

"மேடம், அந்தம்மா உயிரோட இருக்கும்போது சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"அவங்க வூட்ல?"

"இல்ல."

"அப்ப எங்ககிட்ட சொல்லி என்னா மேடம்? நாங்க யாரு?"

மரியாதையாகத்தான் கேட்டாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் அங்கிருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

டைரக்டர் காதுக்கு அன்று மாலையே போனது. வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் நிலையத்தின் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்றார். எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த பேட்சுக்கு என்னை ஒருங்கிணைப்பாளர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாடம் எடுக்க விட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அது உன்னால் கிடைத்த பொறுப்புதானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தூருக்குப் போனேன். மாமா சபையிலிருந்து அப்போதுதான் வந்து, வெள்ளைச் சட்டையோடே காபி போட்டுக்கொண்டிருந்தார். பஸ் டிப்போ வேலையிலிருந்து ரிட்டயர் ஆனபிறகு அவரேதான் சமைக்கிறார். "வாம்மா, வாம்மா" என்று எனக்கும் ஒரு தம்ளர் ஊற்றினார். நான் காபியைத் தொடாமல், நின்றபடியே சொன்னேன். கெட்ட செய்தியை முதல் வரியில்.

மாமா அடுப்பை அணைத்தார்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா மோகனா? அவ வேல போனப்ப சபையில என்னா பேசினாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது மாமா."

"கம்பெனில என்னமோ கோல்மால் பண்ணிட்டா, தொரத்திட்டாங்கன்னு பேசினாங்க. கொயர்ல பாடறதயே வுட்டுட்டா. ரெண்டு வருஷம். மெட்ராஸுக்கும் இங்கயும் பஸ்ஸுல அலைஞ்சிக்கினு இருந்தா. ஏண்டி இப்டி ஆச்சின்னு நானே கேட்டேன். 'பாக்கல, அதான் தப்பு'ன்னா. நானும் திட்டினேன். உனக்குப் பொறுப்பு பத்தலன்னு நான் திட்டினேன்மா அவள!"

நான் பக்கத்தில் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். "நீ போம்மா. இப்ப போ."

போய்விட்டேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ பாட்டை நிறுத்தியது எனக்குத் தெரியாது, அக்கா. மாதம் ஒரு போனில் நீ அதைச் சொல்லவே இல்லையே. நானும் கேட்கவே இல்லையே.

கிறிஸ்துமஸுக்கு நான் போகவில்லை. போக முகம் இல்லை. ஜெமிமா மட்டும் வேலூர் ஹாஸ்டலிலிருந்து ஒருமுறை போன் செய்தாள். நர்சிங் மூன்றாம் வருஷம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "சின்னம்மா, அப்பா இன்னும் கோவமாத்தான் இருக்காரு. நானும் கோவமாத்தான் இருக்கேன். ஆனா நீங்க சாப்டீங்களா?" என்றாள். உன் பெண் அவள். இந்த மலர் விஷயத்தை அவளிடம்தான் சொன்னேன். உண்மையை இதில் எழுதட்டுமா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல் என்றேன்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு காலையில் மாமாவே கூப்பிட்டார்.

"எழுதப் போறியாமே."

"நீங்க வேணாம்னா எழுதல மாமா."

"எழுது. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, மலரு படிக்கறவங்க எங்கெங்கயோ இருக்கறவங்க. பேசினவங்க இங்க சபையில இருக்கறாங்க. இங்க வந்து, உன் வாயால சொல்லு."

"வர்றேன் மாமா."

"இன்னொண்ணு. எழுதும்போது 'கிரேஸு ஏமாந்துட்டா'ன்னு எழுதிடாத. அவ ஏமாளி இல்ல. 'நம்பினா'ன்னு எழுது."

போனை வைத்துவிட்டு அழுதேன். இத்தனை வருஷத்தில் உனக்காக அழுதது, எனக்காக அழுதது எல்லாம் இருக்கிறது. அன்றைக்கு அழுதது யாருக்காக என்று இன்னும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆராதனை முடிந்து அறிவிப்புகள் சொல்கிற நேரத்தில், சபைப் போதகர் ஐயர் என்னைக் கூப்பிட்டார். உன் அடக்க ஆராதனைக்குப் பிறகு நான் அந்தக் கோயிலுக்குள் போனது அன்றைக்குத்தான். எத்தனையோ வகுப்பு எடுத்தவள், மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை. சுருக்கமாகச் சொன்னேன். கிரேஸ் எந்தக் கோல்மாலும் செய்யவில்லை. தப்பு செய்தவள் நான். பொய் சொன்னவள் நான். அவர் என்னை நம்பினார், எனக்காகத் தன் வேலையைக் கொடுத்தார், யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை.

முதல் வரிசையில் ஒரு வயதான அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவரும் பேசினவர்களில் ஒருவரோ என்னவோ. யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் தட்டிக்கொடுக்கவும் இல்லை. கொயரில் பின்வரிசையில் நின்ற உன் வயதுப் பெண் ஒருத்தி மட்டும் வெளியே என்னிடம் வந்து, "அவ வுட்டுட்டுப் போனப்ப நாங்க கூப்டவே இல்லைங்க. ஏன் வரலன்னு ஒரு வார்த்த கேக்கல. நாங்களும் பாக்கலதாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கேட்டைப் பார்த்து நடந்தேன். பின்னால் மாமா குரல்.

"எங்க போற?"

"பஸ்ஸுக்கு, மாமா."

"காலையில இருந்து ஒண்ணும் துன்னிருக்க மாட்ட. வூட்டுக்கு வா. மீன் கொழம்பு வச்சிருக்கறேன். துன்னுட்டுப் போ."

முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். சாப்பிடும்போது அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. ஆனால் என் தட்டில் இரண்டாவது துண்டு மீனை அவரே எடுத்து வைத்தார். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. உன் கைப்பக்குவம் அவருக்கு வரவில்லை. நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. இனி எத்தனை பேட்ச் வந்தாலும், எந்த நாட்டிலிருந்து வந்தாலும், அந்த மூன்றாவது வாரப் பாடத்தை நானே எடுப்பேன். உன் பெயரையும் சொல்வேன், என் பெயரையும் சொல்வேன். வெயில் என்றுதான் சொல்வேன், வேறு காரணம் சேர்க்கமாட்டேன். பாடம் முடிந்ததும் அவர்களை ஏதாவது ஒரு ஃபேக்டரி யார்டுக்கு, மத்தியான வெயிலில், கூட்டிக்கொண்டு போய், முதல் டிரம்மிலிருந்து கடைசி டிரம் வரைக்கும் நானும் அவர்களோடு நடந்து பார்ப்பேன். யாராவது நிழலில் நின்றுகொண்டு "பாத்துட்டேன் மேடம்" என்று சொன்னால் திட்டமாட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன்.

ஜெமிமாவுக்குச் சின்னம்மா, சாமுவேல் மாமாவுக்குக் கொழுந்தியா, உனக்கு என்றைக்கும் தங்கச்சி,

மோகனா